வொயேஜரில் இல்லாத வணக்கம்

இவர், என் கணவர், ஊரில் பௌதிக ஆசிரியர். மெல்பேர்னுக்கு வந்தபின் மல்கிரேவில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அந்த வேலையைப் பற்றி வாயே திறக்க மாட்டார். வொயேஜர் விண்கலங்கள் என்றால் மட்டும் பேச்சை நிறுத்த முடியாது. வியாழனையும் சனியையும் கிட்டப்போய்ப் படமெடுத்துவிட்டு, இன்றும் தூரத் தூரப் போய்க்கொண்டிருக்கும் இரண்டு கலங்கள் அவை. “சனிக்குப் பக்கத்தால போயும் அதுக்கு ஏழரை பிடிக்கேல்லை” என்பது இவருடைய பழைய பகிடி. நூறு தரம் கேட்டிருப்பேன்.

அந்தக் கலங்களில் தங்க முலாம் பூசிய ஓர் இசைத்தட்டு இருக்கிறது. வேற்றுலகத்தார் யாராவது கண்டெடுத்தால் கேட்கட்டும் என்று ஐம்பத்தைந்து மொழிகளில் வாழ்த்துப் பதிந்து அனுப்பினார்கள். அதில் தமிழும் உண்டு என்று இவர் ஊரில் வகுப்பு வகுப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எங்கும் பார்த்துச் சொன்னதல்ல. தமிழ் இல்லாமல் அனுப்பியிருப்பார்களா என்ற நம்பிக்கைதான்.

கலங்களில் ஒன்றுடன் பேசும் பெரிய ஆன்டெனா கான்பராவுக்கு வெளியே நிற்கிறது. ஒவ்வொரு வருடமும் மேய்ஸ் ஹில் முருகன் கோயில் திருவிழாவுக்குக் காரில் சிட்னி போவோம். கான்பராவுக்குப் பிரியும் பாதை வந்ததும், ஒருக்கால் பார்த்துவிட்டுப் போவோமா என்று கேட்பார். பூசைக்குப் பிந்திவிடும், திரும்பி வரும்போது பார்ப்போம் என்பேன். திரும்பும்போது எனக்கு மறுநாள் வேலை இருக்கும்.

ஒரு வருடம் கோயிலில் அன்னதானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேர், இப்போது குவேக்கர்ஸ் ஹில்லில் வீடு வாங்கி வசதியாக இருப்பவர்கள், “சேர், சேர்” என்று கூப்பிட்டபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். இவர் இசைத்தட்டுக் கதையைத் தொடங்கினார். வழி முழுக்க ஆன்டெனாக் கதை கேட்டு வந்த எரிச்சல் எனக்கு. ஃபோனில் பட்டியலை எடுத்து எல்லார் முன்னாலும் வாசித்தேன். தெலுங்கு இருந்தது, கன்னடம் இருந்தது, சிங்களமும் இருந்தது. தமிழ் இல்லை.

ஃபோனை வாங்கி இரண்டு தரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஓம். நான் உங்களுக்குப் பிழையாப் படிப்பிச்சுப்போட்டன்” என்று அவர்களிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு அந்தப் பாதைப் பிரிவில் இவர் எதுவும் கேட்டதில்லை. நானாவது கேட்டிருக்கலாம். சரி பிழை சொல்வதில் நான் கெட்டிக்காரி, சமாதானம் பேச மட்டும் எனக்கு வாய் வராது.

இவர் போய் இரண்டு வருடமாகிறது. இந்த முறை திருவிழாவுக்குப் போகிற வழியில் நானே காரைத் திருப்பினேன். வெள்ளை ஆன்டெனா வானத்தைப் பார்த்தபடி நின்றது. அங்கே பார்வையாளர் கூடத்தில் ஓர் இளம் பெண் இசைத்தட்டின் படத்துக்கு முன்னால் நின்றாள். என் சேலையைக் கண்டு சிரித்தாள். சென்னைப் பிள்ளை.

“ஆன்ட்டி, இதுல தமிழ் இருக்கா?”

அவள் கையில் ஃபோன் இருந்தது. ஒரு நொடியில் தேடிப் பார்த்துவிடுவாள்.

“ஓம், இருக்கு” என்றேன். “என்ர மனுசன் அப்பிடித்தான் படிப்பிச்சவர்.”