ஒரு நேரத்தில் ஒரு ரிப்போர்ட்

ஞாயிறு காலை துணி துவைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தங்கவயலிலிருந்து ஸ்டெல்லாவின் தம்பி பிரகாஷ். "அக்கா, எங்க ஸ்டெல்லாக்கா போயிட்டாங்க" என்றான். புற்றுநோய் முற்றிப்போயிருந்தது தெரியும். எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் ஈரக் கையோடு அப்படியே நின்றிருந்தேன். அல்சூர் லேபில் எங்களோடு வேலை பார்த்து, இப்போது எங்கெங்கோ இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நானும் ஸ்டெல்லாவும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தோம். நான் மர்பி டவுனிலிருந்து நடந்து வருவேன். அவள் தினமும் தங்கவயலிலிருந்து ரயிலில் வருவாள். பில் போடுவது, போன் எடுப்பது, ரிப்போர்ட் டைப் அடிப்பது எல்லாம் எங்கள் இருவருக்குமான ஒரே மேசையில். ஸ்டெல்லா ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, எதிரே நிற்பவருக்குக் கன்னடத்தில் பதில் சொல்லிக்கொண்டே, இன்னொருவரின் ரிப்போர்ட்டை அடிப்பாள். லேபின் முதலாளியான டாக்டர், வருகிறவர்களிடமெல்லாம் "நம்ம ஸ்டெல்லாவுக்கு எட்டுக் கை" என்பார். அவளுக்கும் அதில் பெருமைதான்.

ஒரு நாள் ஜோகுபாளையத்திலிருந்து ஒருவர் வந்து மேசையைத் தட்டிச் சத்தம் போட்டார். சர்க்கரை அதிகம் என்ற எங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து அவர் அம்மாவுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அந்தம்மா சமையலறையில் மயங்கி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் அவருக்குச் சர்க்கரை நோயே இல்லை.

ஸ்டெல்லா பழைய நகல்களை எடுத்துப் பார்த்தாள். இரண்டு பேரின் அளவுகள் இடம் மாறியிருந்தன. நடுவில் போன் எடுத்தது அவளுக்கு நினைவு வந்தது. முதலில் அந்த இன்னொருவரைக் கூப்பிட்டு மறுபடி ரத்தம் எடுக்க வைத்தாள். அவருக்கு நிஜமாகவே சர்க்கரை ஏறிக் கிடந்தது. நல்லவேளை, உடனே வைத்தியம் ஆரம்பித்தார்கள்.

"ஜோகுபாளையத்துக்கு நான் போய்ப் பேசிக்கிறேன்" என்றார் டாக்டர்.

"தப்பு என்னோடது சார். நானே போறேன்" என்று அவள் என்னையும் அழைத்துக்கொண்டு கிளம்பினாள்.

அந்த வீட்டில் மகன் கோர்ட்டுக்குப் போவேன் என்று கத்தினார். கட்டிலில் இருந்த அம்மாவிடம் ஸ்டெல்லா போய் நின்றாள். "நான்தாம்மா மாத்தி அடிச்சேன். போன் பேசிக்கிட்டே அடிச்சேன். உங்களுக்கு சுகர் இல்லம்மா."

"இல்லியா?"

"இல்லம்மா."

"டேய் குமாரு, கத்தினது போதும். காபி போடு. சக்கரை போட்டு எடுத்துகினு வா. வாயே செத்துக் கெடக்குது" என்ற அந்தம்மா ஸ்டெல்லா பக்கம் திரும்பினார். "அத்தினி பேரு ரத்தத்தக் கையில வச்சிகினு, போன்ல என்னாடி பேச்சு உனக்கு?"

ஸ்டெல்லாவுக்கும் காபி கொடுத்தார்கள். அவளால் குடிக்க முடியவில்லை.

மறுநாள் வந்ததும் என்னிடம் சொன்னாள்: "எங்கப்பா சுரங்கத்துல வைண்டிங் இன்ஜின் ஓட்டினாரு. ஆளுங்க ஏறின கூண்டக் கீழ எறக்குறப்ப யாரும் அவர்கிட்ட பேசக் கூடாது. மேனேஜரே வந்தாலும் நிக்கணும். இங்க மட்டும் ஏன் அப்படி இல்ல?"

அன்றே வேலையைப் பிரித்துக்கொண்டோம். காலையில் அவள் டைப், நான் போனும் பில்லும். சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றிக்கொள்வோம். ஒரு ரிப்போர்ட் கவருக்குள் போகும்வரை அடுத்ததைத் தொடக் கூடாது. ஒருத்தி அடித்ததை மற்றவள் படித்துப் பார்க்க வேண்டும். முதலில் வரிசை நீண்டது. ஆட்கள் முணுமுணுத்தார்கள். டாக்டரும் சலித்துக்கொண்டார். "நாலு வேலை பார்த்த பொண்ணு, இப்ப இப்படி ஆயிட்டியே!"

"நாலு வேலை பார்க்கல சார். நாலையும் பாதி பாதி பார்த்தேன்."

பிறகொரு நாள் அவள் அடித்துக்கொண்டிருக்கும்போது டாக்டர் வந்து ஏதோ கேட்டார். ஸ்டெல்லா திரும்பாமலே இடது கையை உயர்த்தினாள். அவர் நின்றார். அவள் அடித்து முடித்து, கவரில் போட்டுவிட்டு எழுந்தாள். "இப்ப சொல்லுங்க சார்." வந்த விஷயம் அவருக்கே மறந்துபோயிருந்தது. சிரித்துவிட்டார். அந்த வாரமே போன் வேறு மேசைக்குப் போனது. மறுபடி அடிக்கிற வேலை குறைந்ததில், அவள் சாயங்கால ரயிலை ஓடாமல் பிடிக்க ஆரம்பித்தாள்.

கடைசியாக அவளைப் பார்க்கப் போனபோது என் மகளைப் பற்றிப் புலம்பினேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. எல்லாமே அவசரம் என்று நாலு பக்கமும் இழுக்கிறார்கள், தூக்கமில்லை, வேலையை விடுகிறேன் என்கிறாள் என்றேன். ஸ்டெல்லாவால் எழுந்து உட்கார முடியவில்லை. சிரமப்பட்டு என் பக்கமாகத் திரும்பிப் படுத்து, நான் முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள்.

"எது முதல்ல முடியணும்னு அவ மேனேஜர்கிட்ட கேக்கச் சொல்லு. எல்லாம் முதல்லதான்னு சொன்னா, அப்ப எதத் தள்ளி வைக்கட்டும்னு கேக்கச் சொல்லு. நாம கேக்கலன்னா அவங்களுக்குத் தெரியாதுடி."

மகள் கேட்டாள். இரண்டு வேலைகளை வேறு ஆட்களுக்கு மாற்றினார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பிப் படுத்துக் கேட்ட அந்த மதியம்தான் என்னிடம் இருக்கிறது. இப்போதெல்லாம் மகள் வீட்டுக்கு வந்து "அம்மா, இன்னைக்கு..." என்று ஆரம்பித்தால், அடுப்பை அணைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்துவிடுகிறேன். சாப்பாடு கொஞ்சம் தாமதமாகிறது.