நாங்கள் களை எடுத்த சதுரம்

பிள்ளைகளா, உங்கள் அம்மாவும் நானும் ஒருத்தர் படிப்பையே வேரோடு பிடுங்கிப் போட்ட கதையை நானே எழுதிவிடுகிறேன். அவள் சொன்னால் தப்பு முழுக்க என் தலையில் விழும்.

போன மழைக்காலத்தில், திருவண்ணாமலை மலைக்குப் பின்பக்கம் உள்ள புல்வெளியில் எங்களுக்கு வேலை. ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண்ணுக்கு டேப் பிடிக்க வேண்டும். நான்கு முளை அடித்த சின்னச் சதுரம். அதற்குள் எத்தனை வகைச் செடி என்று வருஷாவருஷம் எண்ணுவார். முந்தின வருஷம் பத்தொன்பது. இப்போது கம்மியா, ஜாஸ்தியா என்பதுதான் அவர் படிப்பே.

ஆட்டோவில் விட்ட நோட்டை எடுக்கப் போனார். நாங்கள் சும்மா நின்றோம். கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலைக் கொல்லையில் களை பிடுங்கிப் பழகிய கைகள், ஈரமண் வேறு. யார் முதலில் குனிந்தது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அவர் திரும்பி வந்தபோது சதுரம் மொட்டை.

“அண்ணா, இன்னாண்ணா பண்ணீங்க?”

“களை ஜாஸ்தியா இருந்துச்சு மேடம். எண்றதுக்குத் தோதா இருக்கட்டும்னு…”

“அந்தக் களையத்தாண்ணா எண்ணணும்.” அவர் கண் கலங்கிவிட்டது.

“அழாதீங்க மேடம், எல்லாம் இங்கதான கீது” என்றாள் உங்கள் அம்மா. மாட்டுக்கென்று கட்டிய புல்லை அவிழ்த்தாள். குழம்புக்கென்று மடியில் கட்டிய கீரையையும் கொட்டினாள். அருகு, கோரை, தும்பை, நெருஞ்சி என்று நாங்கள் பிரித்து வைக்க வைக்க அவர் நோட்டில் குறித்தார். பதினெட்டோடு நின்றுவிட்டது.

“போன வருஷம் இருந்த பண்ணைப்பூச் செடி இல்ல. நிஜமாவே அழிஞ்சுபோச்சா, நீங்க தொலைச்சிட்டீங்களா? நான் எதுன்னு எழுதறது?”

நான் முட்டிபோட்டுத் தேடினேன். நிமிர்ந்தால், அவர் உங்கள் அம்மா தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நீளச் செடி, ஒற்றை ரோஸ் பூ. வேரில் மண்ணை உதறிவிட்டு நான்தான் கொண்டையில் செருகியிருந்தேன்.

“கல்யாணமாகிப் பதினாலு வருஷத்துல இவரு வச்ச மொதப் பூ மேடம். அதையும் புடுங்கிக்கிறீங்களா?”

அவர் சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தார். பத்தொன்பது என்று எழுதி, பக்கத்தில் ‘கிடைத்த இடம்: அக்கா கொண்டை’ என்றும் எழுதினார். தூறல் பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் நாற்று நடுவதுபோல அத்தனையையும் திரும்ப நட்டோம். சிரித்த சிரிப்பில் பாதி கோணலாகத்தான் நின்றது. பண்ணைப்பூச் செடியைக் கடைசியில் நான் நட்டேன்.

மறுவாரம் போய்ப் பார்த்தோம். பூ நிமிர்ந்து நின்றது. நான் குனிந்தேன்.

“கைய பின்னால கட்டிக்குனு பாருங்க” என்றாள் உங்கள் அம்மா.