கோழியின் காதும் தறிக்காரர் காதும்

சங்கரன்கோவிலில் ஒரு மருத்துவமனையில் செவித்திறன் பரிசோதகராக இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். கத்திக் கத்தி என் தொண்டைதான் போனது. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு என் சாமர்த்தியத்தைவிட நான் செய்த தப்பு உபயோகப்படும்.

பரமசிவம் அண்ணாச்சி விசைத்தறி ஓட்டுபவர். எதிரே உட்கார்ந்து நன்றாகத்தான் பேசினார். கேஸ் அட்டையால் என் வாயை மறைத்துக்கொண்டு பேசினேன், பதில் இல்லை. தறிக்கூடத்தில் யார் குரலும் எடுபடாது, உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள். அதனால் வீட்டில்கூட யாருக்கும் தெரியவில்லை. சென்னையில் நர்ஸாக இருக்கும் மகள் போனில் பேசியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. வீடியோவிலும் பேசிப் பார்த்தார்களாம். படம் நின்று நின்று வந்ததில் உதடு பிடிபடவில்லை.

"மத்ததை விடுங்க சார். எம்மக போன்ல பேசுதது கேட்டாப் போதும்," என்றார்.

கேட்கும் திறனைக் கோடாக வரைந்து காட்டும் ஆடியோகிராமில் நாலாயிரம் ஹெர்ட்ஸில் பள்ளம் விழுந்திருந்தது, இரைச்சலில் கெட்ட காதின் அடையாளம். உள்காதில் ஒலியை வாங்கும் முடி போன்ற நுண்ணிய செல்கள் தறிச் சத்தத்தில் அழிந்தால் மனிதனுக்கு மறுபடி முளைக்காது, கோழிக்கு முளைக்கும் என்று விளக்கினேன்.

"கோழிக்கே முளைக்கும்னா நமக்கு முளைக்காதா சார்?"

முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "ஆராய்ச்சி நடக்கு அண்ணாச்சி. சீக்கிரம் மருந்து வந்துரும்," என்று சொல்லிவிட்டேன். எப்போது வரும் என்று எனக்கு மட்டும் தெரியுமா என்ன? காது மிஷினும் காதடைப்பானும் எழுதிக்கொடுத்து அனுப்பினேன்.

மூன்று வருடம் கழித்து வந்தார். கோடு இன்னும் கீழே இறங்கியிருந்தது. இரண்டையும் வாங்கவே இல்லையாம்.

"மருந்துதான் வருதுன்னு சொன்னியளே. அதுக்குள்ள மிஷினு எதுக்குன்னு இருந்துட்டேன். காதை அடைச்சா தறிச் சத்தம் மாறுதது தெரியாது, இழை அறுந்தது தெரியாது. போனா போகுது, எல்லாம் மொத்தமா முளைச்சிக்கிடும்னு நெனச்சேன்."

எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. அன்றே ஒரு மிஷினை மாட்டி, அதே மாதிரி அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினேன்.

"சத்தம் வருது சார். என்ன சொல்லுதியன்னுதான் தெரியல."

முதல் தடவையே மாட்டியிருந்தால் பேச்சும் புரிந்திருக்கும்.

நோயாளிகள் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள். நடக்கிறது, எனக்கும் நம்பிக்கை உண்டு. ஆனால் என்றைக்கு வரும் என்று தெரியாது என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். காதடைப்பானை அவர்கள் கையில் கொடுத்த பிறகு சொல்லுங்கள்.

மகள் இப்போதும் கூப்பிடுகிறாள். அவள் எதைக் கேட்டாலும் அண்ணாச்சி, "நல்லாருக்கேன் மக்கா," என்று சொல்லிவிட்டுப் போனை மனைவியிடம் கொடுத்துவிடுகிறார்.