பொங்காலை அடுப்பும் கண்டிப்பும்

எங்கள் வீட்டுக் காலண்டரில் மாசி, பக்கத்து மலையாளி வீட்டில் கும்பம். எந்தக் கணக்கில் பார்த்தாலும் பூரம் நட்சத்திரத்தன்று கோயில் அம்மனுக்குப் பொங்காலை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்தான் என் மனைவிக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள்.

"ஸ்ட்ரிக்ட் ரெஸ்ட். புகை, வெயில், பட்டினி எதுவும் கூடாது," என்றார் டாக்டர்.

பொங்காலைக்கு வேண்டியவையே அவைதான். கல்யாணமாகி ஆரியசாலைக்கு வந்தது முதல் அவள் ஓர் ஆண்டும் விட்டதில்லை. ஊர்த் தெருக்களிலெல்லாம் பெண்கள் செங்கல் அடுப்புக் கூட்டிப் பொங்கலிடும் நாளில் நம் வாசல் மட்டும் வெறுமனே கிடப்பதா என்று அவள் முகம் வாடிவிட்டது. பொங்கலிடுவது பெண்கள்தான் என்பதால் நான் எதற்கும் உதவாதவன்.

"நான் போடுறேம்மா," என்றாள் மகள். கழக்கூட்டம் ஐடி பார்க்கில் வேலை. ஆம்லெட் இல்லாமல் விடியாது அவளுக்கு.

"விரதம் கண்டிப்பா இருக்கணும். நீ இருந்து கிழிச்ச!"

"ரூல்ஸ் சொல்லு, இருக்கேன்."

மீன், முட்டை கூடாது. ஒருவேளைதான் சோறு. அன்றைக்குப் பானை பொங்கும்வரை பச்சைத் தண்ணீரும் கிடையாது. இந்தக் கடைசி விதியை நான் வேறெங்கும் கேட்டதில்லை. என் மனைவி தனக்கென்று வைத்துக்கொண்டது.

கண்டிப்பு என்ற சொல் எனக்கு எப்போதும் பிடிபடாத ஒன்று. 'கண்டிப்பா வந்துடுறேன்' என்ற பிளம்பர் இன்றுவரை வரவில்லை. டாக்டர் சொன்னால் அது உயிர் விஷயம். உங்கள் வேலையில் இந்தச் சொல் உண்டா என்று மகளிடம் கேட்டேன்.

"ஸ்ட்ரிக்ட் மோடுன்னு உண்டுப்பா. விட்டுப்போற சின்னத் தப்பையும் அங்கேயே நிறுத்திக் காட்டிடும். ஆனா அது புரோகிராம் எழுதுற எங்களுக்கு. யூஸ் பண்றவங்க மேல எரிஞ்சு விழக் கூடாது."

சொன்னபடி விரதம் இருந்தாள். பொங்காலையன்று கோயில் அடுப்பின் தீ தெருத் தெருவாகக் கைமாறி எங்கள் வாசலுக்கும் வந்தது. விறகு ஈரம். எங்கும் புகை, தலைக்கு மேல் வெயில். மனைவி மாடியில் மூடிய கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் நின்றாள். மற்ற பானைகள் பொங்க, பெண்களின் குரவைச் சத்தம் எழும்பியது. எங்கள் பானை அசையவில்லை. மகள் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மோளே, இத்திரி சம்பாரம் குடிச்சோ," என்று பக்கத்து வீட்டுச் சேச்சி மோரை நீட்டினார்.

"வேண்டா சேச்சி, அம்ம சம்மதிக்கில்லா."

மாடி ஜன்னல் படாரென்று திறந்தது.

"மக்களே, மோரை வாங்கிக் குடி!" என்று மகளைப் பார்த்துக் கத்தினாள் மனைவி.

"பானை பொங்கலியே. ரூல்..."

"ரூலைப் போட்டவ நான்தானே? குடிட்டீ!"

மகள் குடித்தாள். நான் மாடிக்கு ஓடி, புகை உள்ளே வருகிறது என்று ஜன்னலைச் சாத்தப் போனேன். "பொங்கட்டும், இருங்க," என்று மனைவி என் கையைத் தட்டிவிட்டாள். முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி நின்றாள். கொஞ்ச நேரத்தில் பானை விளிம்பில் நுரை ஏறி வழிந்தது. சேச்சி குரவையிட்டார், மகள் அண்ணாந்து பார்த்தாள். அதன் பிறகுதான் இவளே ஜன்னலைச் சாத்தினாள்.

பிற்பகலில் கோயில் பூசாரி வந்து தீர்த்தம் தெளித்து முடித்ததும் மகள் பொங்கலைக் கொண்டுவந்தாள். எனக்கு ஒரு சந்தேகம். "இந்த வருஷமும் விடாம நடந்ததா எழுதிக்கலாமா?"

"பின்னே? பானை பொங்கிச்சா இல்லையா?" என்றாள் மனைவி. ஒரு வாய் தின்றுவிட்டு மகளைப் பார்த்தாள். "அடுத்த வருசம் டாக்டர் விட்டா நான்தான் போடுவேன். காலையில ஒரு டம்ளர் மோர் குடிச்சிட்டு."