மூன்றும் கொசுறும்

எங்கள் வீட்டில் அவரைக் கொசுறு மாமா என்றுதான் சொல்வோம். அத்தையின் கணவர். நூல் ஆலைக் கிணற்றில் உருளையைச் சுற்றிக் கயிற்றில் ஆளை இறக்குவது அவர் வேலை. இறங்குகிறவர் என் சித்தப்பா, அத்தையின் ஒரே தம்பி. பலகையில் உட்கார்ந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு பம்பைப் பழுது பார்க்கப் போவார். பக்கத்துப் பம்பு ஓடிக்கொண்டே இருக்கும், கத்தினாலும் மேலே கேட்காது. மாமாவின் கணக்கில்தான் அவர் உயிர்.

அன்று உருளை புதிது. மாமா குறுக்கே அளந்தார், இரண்டடி. சுற்றளவு அதைப்போல மூன்று மடங்கு என்று யாரோ எப்போதோ சொன்னது மனதில் கிடந்தது. அப்படியென்றால் சுற்றுக்கு ஆறடி. தொண்ணூறு அடி போனால் பலகை தண்ணீருக்கு ஒரு முழம் மேலே நிற்கும். பதினைந்து சுற்று.

கடைசிச் சுற்றில் கைப்பிடி லேசாகிவிட்டது. ஆள் கனமே இல்லை. குனிந்தால் வெறும் இருட்டு. கைப்பிடியை எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கினார். கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் திரும்பியது. உயிருள்ள கனமா, இல்லாத கனமா என்று கயிறு சொல்லுமா? கிணற்று விளிம்பில் தலை தெரியும்வரை மாமா மூச்சு விட்டாரோ என்னவோ.

சித்தப்பா மூக்கு வழியாகத் தண்ணீரைக் கக்கிக்கொண்டு வந்தார்.

"மச்சான், அக்காவுக்குத் தம்பி நான் ஒருத்தன்தான். மறந்துட்டீங்களா?"



பம்பு இன்னும் பழுதாகவே இருந்தது. சித்தப்பா மறுபடி இறங்கியாக வேண்டும். மாமாவின் கை கைப்பிடிக்குப் போகவே மறுத்தது. சேதி கேட்டு நூற்புக் கொட்டகையிலிருந்து ஓடிவந்த அத்தை, மடியிலிருந்த நூலை உருளையைச் சுற்றி ஒரு சுற்று வைத்து அறுத்தாள். அதைக் குறுக்கே வைத்து மடித்து மடித்துப் பார்த்தாள். மூன்று முறை போக, கொசுறாக நாலு விரல் மிச்சம்.

"நாலு விரல்தானே?" என்றார் மாமா.

"சுத்துக்கு நாலு விரல். பதினஞ்சு சுத்துக்குக் கூட்டிப் பாருங்க. என் தம்பி மூக்கு அதுலதான் முங்கியிருக்கு."

இரண்டாம் முறை ஒரு சுற்றுக் குறைத்து நிறுத்தினார். பம்பு ஓடியது, சித்தப்பா ஏறி வந்தார், எல்லாம் சரிதான். ஆனால் மாமாவின் கை மட்டும் பழைய கை ஆகவில்லை. கிழவரான பிறகும், யார் அவர் கையைப் பிடித்தாலும் உடனே விடமாட்டார். கனம் இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் இழுத்துப் பார்ப்பார்.