களத்துக்கு அடியில் இருந்தது

தொண்ணூறுகளில் மகாராஜபுரத்தில் எங்கள் வயல் வழியாகக் குடிநீர்க் குழாய் பதிக்க அளந்தார்கள். பள்ளம் தோண்டுமுன், மண்ணுக்குள் பழங்காலச் சின்னம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கத் தொல்லியல் படித்த ஒரு பெண் வந்தார்.

"பானை ஓடு கெடச்சா நெலத்தப் புடுங்கிருவீகளோ?" என்று முறைத்தார் என் கணவர்.

"அதெல்லாம் இல்லண்ணே" என்று சிரித்தவர், எங்கள் நெற்களத்துக்கு வந்ததும் நின்று காலால் தட்டினார். தொம் தொம் என்றது.

"அம்புட்டு இறுகின தரைம்மா" என்றேன் பெருமையாக. சத்தம் வரும் இடம்தான் நல்ல களம் என்று வருடாவருடம் அங்கேதான் மாடு கட்டிப் போரடித்தோம். அந்த முறைதான் முதன்முதலாக டிராக்டர் சொல்லியிருந்தோம். மறுநாள் வருவதாக இருந்தது.

"இறுகின தரை இப்படிச் சத்தம் போடாதுக்கா" என்று கடப்பாரை கேட்டார் அவர். என் கணவரே வேண்டாவெறுப்பாகக் குத்தினார். நாலாவது குத்தில் கடப்பாரை கை நழுவி உள்ளே போய்விட்டது. செத்த நேரம் கழித்து அடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

மண்ணை விலக்கினால், விரிசல் விட்ட கல்பலகைகள் மூடிய பழைய கிணறு! "நாளைக்கு இதுமேல டிராக்டரு ஏறிருந்தா என்னாகிருக்கும்!" என்றார் என் கணவர். "நீ நல்லாருக்கணும் தாயி" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

குழாயை ஒதுக்கிப் பதித்தார்கள். நிலம் எங்களிடமே இருக்கிறது. கடப்பாரைதான் திரும்பி வரவில்லை. இப்போதெல்லாம் யார் அளக்க வந்தாலும் என் கணவர் முறைப்பதில்லை. மோர் கொடுத்துப் புதுக் களத்துக்குக் கூட்டிப்போய், "செத்த மிதிச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்கிறார்.