சொன்ன வரியை விழுங்கியவன்

ஹார்லின் பிறந்த மூன்றாம் நாளே அவன் தாய் போய்ச் சேர்ந்தாள். தகப்பன் யாரென்று அவள் கடைசிவரை வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் வந்து நிற்கிற ஆளாக இருந்திருக்க மாட்டான். தாயின் அக்காள் லெய்தா ரியாஸ்கோஸ்தான் பிள்ளையைத் துணியில் சுற்றித் தன் வீட்டுக்குத் தூக்கிப் போனாள். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு பையன்கள். மூத்தவன் நெய்சருக்கு ஆறு வயது. இளையவன் திதியேர், ஹார்லினைவிட நாலு மாதம் மூத்தவன், பால்குடி மறக்கவில்லை. ஒரு பக்கம் அவன், மறுபக்கம் இவன் என்று இரண்டையும் ஒன்றாகவே வளர்த்தாள். தெருவில் யாராவது "தங்கச்சி பிள்ளையா?" என்று கேட்டால், "எனக்கு மூணு" என்று மட்டும் சொல்லுவாள்.

வீடு கடலுக்குள் கால் ஊன்றி நிற்கிற மரவீடு. துறைமுக ஊரான புவெனவெந்தூராவில் ஏழைக்குக் கரையில் இடமில்லை. ஓதம் ஏறினால் பலகைக்கு அடியில் தண்ணீர் தட்டும். இறங்கினால் சேறும் நண்டும் தெரியும். சன்னலைத் திறந்தால் வீட்டைவிடப் பெரிய கப்பல்கள் போகும். குடிக்கிற தண்ணீர் குழாயில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை வரும்.

நெய்சர் பத்தொன்பது வயதில் ஒரு சரக்குக் கப்பலுக்குள் ஒளிந்து வடக்கே போனான். அங்கே பிடித்து, நாலு மாதத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போனதற்கு அடையாளமாக ஒரு டேப் ரெக்கார்டரும் மூன்று கேசட்டும் கொண்டுவந்தான். கேசட்டில் கறுப்பு ஆட்கள் தாளத்துக்குப் பேசினார்கள். பையன்கள் இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் திட்டுகிறார்கள் என்று புரிந்தது. தாளம் தப்பாமல் திட்டுகிறார்கள் என்றும் புரிந்தது. அந்த வாரமே மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்ட ஆரம்பித்தார்கள்.

"ஏண்டா, மீன் விக்கப் பெட்டியா, சாவுக்கு அடிக்கப் பெட்டியா?" என்பாள் லெய்தா.

"ரெண்டுக்குந்தான் பெரியம்மா" என்பான் ஹார்லின்.

கோயிலுக்குப் பின்னால் சிமெண்டு போட்ட கூடைப்பந்து மைதானம் ஒன்று உண்டு. சனிக்கிழமை மதியம் சாய்ந்ததும் அங்கே வளையம் கட்டுவார்கள். கள்ளக் கேசட்டு விற்கிற தெயோஃபிலோதான் அதற்கு நாட்டாமை. இரண்டு பேர் நடுவில் நின்று மாற்றி மாற்றிப் பாட்டில் திட்ட வேண்டும். எழுதி வைத்துப் பாடக் கூடாது. மூஞ்சியை, பல்லை, தாயை, பட்டினியை, எதை வேண்டுமானாலும் இழுக்கலாம். கை ஓங்கக் கூடாது. முடிந்ததும் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். சொன்னதைத் திரும்ப வாங்கக் கூடாது. சொன்ன வரியை விழுங்கியவனுக்கு வளையம் முதுகைக் காட்டும். அதற்குப் பிறகு எவனும் அவனோடு நிற்க மாட்டான். இதெல்லாம் எங்கேயும் எழுதி ஒட்டியதில்லை, ஆனால் நண்டு பிடிக்கிற சிறுசுக்குக்கூடத் தெரியும்.

ஹார்லினுக்கு அங்கே வைத்த பேர் மரேயா, பொங்குகிற ஓதம் என்று அர்த்தம். முதல் இரண்டு வரி சோம்பலாகத்தான் வரும். மூன்றாவதில் ஏறும். ஏறினால் எதிரே நிற்கிறவன் முழங்கால்வரை நனைந்தது போல நிற்பான். தெயோஃபிலோ தன் அலமாரிக்குள் எதிரொலி வராமல் முட்டை அட்டைகளை ஒட்டி, அதற்குள் அவனை நிற்கவைத்து, தண்ணீர் வராத குழாயைப் பற்றிய பாட்டையும் சன்னல் வழியே போகிற கப்பல்களைப் பற்றிய பாட்டையும் பதிவு செய்தான். வானொலிக்காரர்கள் போட மாட்டோம் என்றுவிட்டார்கள். டாக்சிக்காரர்கள் போட்டார்கள், மீன் சந்தைப் பெண்கள் போட்டார்கள். அது போதுமாயிருந்தது.

பையன்களுக்கு இருபத்தொரு வயதானபோது, துப்பாக்கிக்காரர்கள் தெருக்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் படகு இயந்திரத்துக்கு ஒரு சாமான் வாங்கி வருகிறேன் என்று போன நெய்சர் திரும்பவில்லை. எந்தத் தெருவைத் தாண்டினான், யார் நிறுத்தினார்கள் என்று பார்த்தவர்கள் இருந்தார்கள். பேசியவர்கள் இல்லை.

லெய்தா சாப்பாட்டை நிறுத்தினாள். தேங்காய்ப்பால் சோறு தட்டிலேயே காய்ந்தது. பதினோராம் நாள் திதியேர் ஹார்லினைப் படகுத்துறையில் வந்து பிடித்தான்.

"அண்ணன் மறுபடி கப்பலேறிட்டான்னு சொல்லுவோம்டா. பனாமாவுல இருக்கான்னு."

"நம்புவாங்களா?"

"நீ எழுது. ஒனக்குத்தான் வார்த்த வருதே. ஒரு மாலுமிகிட்ட குடுத்தனுப்பினான்னு சொல்லிக்கலாம்."

ஹார்லின் எழுதினான். லெய்தாவுக்கு எழுத்துத் தெரியாது. அவனே உட்கார்ந்து வாசித்தான். வாசித்து முடித்ததும் அவள் எழுந்து போய் அடுப்பில் பானை வைத்தாள். அன்றிலிருந்து மாதம் ஒரு கடுதாசி. தெருவுக்கே உள்ளுக்குள் தெரியும், ஆனால் யாரும் மூச்சு விடவில்லை. அந்த வீட்டில் மட்டும் செத்தவனுக்கு மேசை அலங்கரிக்கவில்லை, மெழுகுவர்த்தி ஏற்றவில்லை, பெண்கள் ஒன்பது நாள் வந்து பாடி, கடைசி நாள் மேசையைக் கலைத்து உயிரை வழியனுப்பவில்லை.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. அப்போது காலி என்கிற பெருநகரத்திலிருந்து ஆள் வந்தான். பெரிய மேடை, பெரிய போட்டி. புவெனவெந்தூராவிலிருந்து ஒருவனைக் கூட்டிப் போவதாகச் சொன்னான். வளையத்தில் ஒவ்வொருவனாக விழுந்து, கடைசியில் நின்றவர்கள் ஹார்லினும் திதியேரும். தெயோஃபிலோ ரெக்கார்டரை அழுத்தினான்.

திதியேர் அன்றைக்கு நன்றாகவே பாடினான்.

"எங்க வீட்டுச் சட்டியிலே கையவிட்டுத் தின்னவன்
எங்கம்மா பழந்துணியில் தூளி கட்டித் தூங்கினவன்
அப்பன் பேரு என்னன்னு ஆராச்சும் கேட்டாக்கா
அலையக் காட்டி ஓடுறவன், அவன் பாட்டு ஒரு பாட்டா?"

கூட்டம் காலைத் தரையில் உதைத்தது. ஹார்லினின் காது சூடாயிற்று. அடுத்த வரியைத் தேடினான். வந்த வரி தானாக வந்தது. நல்ல வரி என்று நாக்குக்குத் தெரிந்துவிட்டது. அப்படித் தெரிந்த பிறகு நிறுத்தத் தெரிந்த பாட்டுக்காரன் அந்த மைதானத்தில் இல்லை.

"அண்ணன் எங்கே சொல்லுடா, கப்பலிலா கடலடியா?
ஆத்தாளுக்கு வார தாளு அவன் எழுதும் கடுதாசியா?
பனாமா போன கையில்ல, பாரு இந்தக் கைதான்டா
செத்தவனுக்கு வெளக்கேத்தாம பொய்ய ஏத்துனோம் நாந்தான்டா, நீதான்டா!"

கூட்டம் வெடித்தது. தெயோஃபிலோ அவன் கையைப் பிடித்து உயர்த்தினான். கட்டிப்பிடிக்கிற நேரம் வந்தது. திதியேர் வரவில்லை. மைதானத்தை விட்டு நடந்து போய்க்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமைக்குள் அந்தக் கேசட் சந்தையில் எல்லாக் கடையிலும் பாடிற்று.

ஹார்லின் நாலு நாள் படகிலேயே கிடந்தான். புதன்கிழமை வீட்டுக்குப் போனபோது, வாசலில் பக்கத்து வீட்டு எர்மின்தா நின்றிருந்தாள். கையில் ஒரு கட்டு மெழுகுவர்த்தி.

"லெய்தாக்கா, ஒம்பது நாளைக்கு என்னிக்கு ஆரம்பிக்கிறோம்? பாட்டுக்காரிங்களுக்கு நாஞ் சொல்லிவிடட்டுமா?"

"சொல்றப்ப சொல்றேன், போடி" என்றாள் லெய்தா. எர்மின்தா போன பிறகு ஹார்லினைத் திரும்பிப் பார்க்காமலே, "உக்காரு. வாழக்கா உரி" என்றாள்.

அவன் உட்கார்ந்து உரித்தான்.

"நாலு நாளு எங்க இருந்த?"

"படகுல."

"என்ன தின்ன?"

"ஒண்ணுமில்ல."

"பாட்டுலயே வயிறு ரொம்பிருச்சோ."

அவன் அழுதான். அவள் அழவிட்டாள். பிறகு சொன்னாள்:

"அந்தக் கடுதாசியெல்லாம் நீ எழுதறதுன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? எனக்கு எழுத்துதான் தெரியாது. ஒன்னத் தெரியும். நெய்சர் என்னிக்காச்சும் 'ஒடம்பப் பாத்துக்கம்மா'ன்னு சொன்னவனா? 'சோறு இருக்கா'ன்னுதான் கேப்பான், கழுத."

"அப்ப ஏன் பெரியம்மா கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"நீ வாசிச்சு முடிக்கிற வரைக்கும் அவன் இருந்தான்டா. அது போதுமா இருந்துச்சு எனக்கு."

கத்தியைக் கீழே வைத்தாள்.

"இப்ப ஊரே மெழுகுவர்த்தியோட வந்து நிக்குது. ஒரு எலும்பக் காட்டுங்க, அழுவுறேன். ஒண்ணுமே இல்லாம மேசைய அலங்கரிச்சு, ஒம்பது நாள் பாடி, கலைச்சுட்டா என்ன அர்த்தம்? நானே எம்புள்ளயப் பொதச்சதா அர்த்தம். நீ போயி வளையத்துல சொல்லு. செயிக்கிறதுக்காகப் பொய் பாடினேன்னு சொல்லு."

"அப்படிச் சொன்னா பெரியம்மா, அதுக்கப்புறம் நான்…"

"தெரியும். ஒன்ன மட்டுந்தான் நான் இப்படிக் கேக்க முடியும்."

வெளியே வந்தபோது திதியேர் பலகைப் பாலத்தில் நின்றிருந்தான். எல்லாம் கேட்டிருக்கிறான்.

"சொல்லாத" என்றான். "வெளிய வந்தது வந்ததாவே இருக்கட்டும். அம்மா அழட்டும். நானும் எங்கண்ணனுக்கு இன்னும் அழல."

"அவங்க கேட்டாங்கடா."

"மொதல்ல குத்தின. இப்பக் கத்திய உருவப் போற. ரெண்டுக்கும் ரத்தம் என்னுதுதான்."

சனிக்கிழமை கூட்டம் இரண்டு மடங்கு. காலி நகரத்து ஆளும் வந்திருந்தான். ஹார்லின் நடுவில் போய் நின்றான். பாட்டாகச் சொல்லவில்லை, பேச்சாகவே சொன்னான்.

"போன வாரம் நான் பாடினது பொய். செயிக்கணும்னு இட்டுக்கட்டினேன். நெய்சரண்ணன் பனாமாவுல இருக்கான். போன மாசமும் கடுதாசி வந்துச்சு."

அந்த மைதானத்தில் இருந்த எல்லாருக்கும் எது பொய் என்று தெரியும். தெரிந்தாலும் வளையத்தின் சட்டம் சட்டம்தான். முதலில் திரும்பியவன் திதியேர். பிறகு ஒவ்வொருவராக முதுகைக் காட்டினார்கள். தெயோஃபிலோ கடைசியாகத் திரும்பினான். திரும்பும்போது, "பைத்தியக்காரா, பைத்தியக்காரா" என்று முணுமுணுத்தது மட்டும் கேட்டது.

காலிக்குத் திதியேர் போனான். அங்கேயே தங்கினான், இசைத்தட்டுகள் போட்டான், சுவரொட்டியில் முகம் வந்தது. தாய்க்குப் பணம் அனுப்பினான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்தான். வந்தால் ஹார்லினோடு பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

ஹார்லின் மீன்துறையில் பெட்டி தூக்கினான். முப்பது வயதில் ஒரு தடவை தெயோஃபிலோ மனம் கேட்காமல் அந்த அலமாரிக்குள் அவனை நிற்கவைத்து ஆறு பாட்டு பதிவு செய்தான். அவன் பாடியதிலேயே நல்ல பாட்டுகள் அவைதான் என்று கேட்ட நாலைந்து பேர் இன்றும் சொல்லுகிறார்கள். சந்தையில் யாரும் வாங்கவில்லை. "சொன்ன வரியத் தின்ன வாய்தானே, அதுல என்ன வரும்?" என்றார்கள்.

கடுதாசி மட்டும் நிற்கவில்லை. மெழுகுவர்த்தியோடு யாரும் வாசலுக்கு வரவில்லை. பதினோரு வருஷத்தில் நெய்சருக்குப் பனாமாவில் கல்யாணம் நடந்தது. ஒரு பெண் பிறந்தது. பேர் வைத்தவள் லெய்தா.

"பிள்ளைக்குப் பல்லு மொளச்சிருச்சான்னு எழுதலியே அவன்?" என்பாள்.

"அடுத்ததுல எழுதுவான் பெரியம்மா."

அடுத்ததில் பல் முளைத்திருக்கும்.

பிறகு அவள் கால்களில் நீர் கோத்துக்கொண்டது. மூச்சு விடக் கஷ்டப்பட்டாள். ஒரு மத்தியானம், ஓதம் இறங்கிய நேரம், ஹார்லினைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"தாளு எடு. இந்த வாட்டி நான் சொல்றேன், நீ எழுது. நெய்சருக்கு."

அவன் எடுத்தான்.

"இனிமே எழுத வேணாம்னு எழுது. நானே வந்து பாத்துக்கறேன்னு எழுது."

அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினான்.

"வேற என்ன எழுதட்டும்?"

"அவ்வளவுதான். நீளமா எழுதினா நீ எழுதின மாதிரி இருக்கும்."

வியாழக்கிழமை விடியுமுன் போய்விட்டாள். திதியேர் அன்று மாலையே வந்தான். மேசையை வெள்ளைத்துணியால் மூடி, காகிதப் பூ வைத்து, எட்டு நாள் பாடினார்கள். ஒன்பதாம் நாள், மேசையைக் கலைப்பதற்கு முன், மூத்த பாட்டுக்காரி திரும்பி, "யார் பேரச் சொல்லி வழியனுப்புறோம்?" என்று கேட்டாள்.

திதியேர் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஹார்லினின் முகத்தைப் பார்த்தான்.

"ரெண்டு பேரு பேரையும் சொல்லுங்க" என்றான் ஹார்லின். "பெரியம்மாவே போயிப் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க."

பெண்கள் எழுந்து நின்று பாடினார்கள். லெய்தா என்றார்கள், நெய்சர் என்றார்கள். திதியேர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். ஹார்லின் சமையற்கட்டில் வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தான். அவனை ஒரு வரி பாடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.